ஒப்பீட்டுத் தட்டு

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
சாஸ்கட்டூனில் இந்த வாரம் கார்கள்கூட
சுவரில் செருகிய வயரைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகின்றன.
நிலவறை ஆய்வகத்தில் நான்
லெட்டூஸ் விதைகளை ஏழேழாக எண்ணுகிறேன்.
ஒரு குழிக்கு ஏழு.
எட்டாவது ஒன்று எப்போதும்
விரல்நுனி ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வரும்.
மூச்சுவிடாமல் அதைத் தட்டிவிட வேண்டும்.

தட்டில் ஆறு குழிகள்.
மூலைக் குழியில் மட்டும் விதை கிடையாது,
நொறுக்கிய நொச்சி இலை. ஸ்கார்பரோவில் யாரோ
தொட்டியில் வளர்த்து, காயவைத்து, தபாலில் அனுப்பியது.
மண் இல்லை.
வேர் வேரைத் தொடாது.
தண்ணீர் குழிவிட்டுக் குழி வழியாது.
நடுவில் இருப்பது காற்று,
அதையும் மூடி, நாடா ஒட்டி,
அலுமினியத் தாளில் சுற்றிவைக்கிறோம்
ரயிலுக்குக் கட்டிய புளிச்சோறு மாதிரி.

மூன்று நாள் இருட்டு.

பிரித்தபோது
இலைக்கு நாற்பத்தொரு மில்லிமீட்டரில் இருந்தவை
தோலைக் கிழித்து ஒரு காற்புள்ளி அளவு வெளியே வந்து
அங்கேயே நின்றிருந்தன.
ஐம்பத்தெட்டில் கொஞ்சம் துணிச்சல்.
தொண்ணூற்றிரண்டில், எதிர்மூலையில்,
வெள்ளை நூலாய் ஓடியிருந்தன வேர்கள்,
ஊரடங்கு அறிவிப்பு எட்டாத கடைசித் தெருக்காரர்கள்.

மதில் காத்தவர்கள் சூடிய பூ நொச்சி என்று
பத்தாம் வகுப்பில் படித்தேன்.
ஏன் நொச்சி என்று கேட்கவில்லை,
அது இரண்டு மதிப்பெண் கேள்வி.
இப்போது காலிப்பரோடு குனிந்து
கல்லில்லாத மதிலை அளக்கிறேன்.
ஆவி பிடிக்கையில் நெஞ்சைத் திறந்துவிடும் வாசம்
அடுத்த குழியின் வாயைப் பொத்துகிறது.
இலைக்கு இது எதுவும் தெரியாது. காய்ந்து
இரண்டு மாதமாகிவிட்டது அது.

சிக்கல் பதினாறாம் தட்டில்.

அது ஒப்பீட்டுத் தட்டு. இலையே வைக்காதது.
முப்பத்தைந்து விதையும் ஓடியிருக்க வேண்டும்.
ஒன்றுகூட ஓடவில்லை.
மார்லிஸ் ஹிரின்சுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
ஒவ்வொன்றாகக் கேட்டாள்.
அகார் பழசா? இல்லை.
அலமாரிச் சூடு? இருபத்தைந்து, அப்படியே.
விதை? அதே பொட்டலம்.
தாளில் ஓட்டை? வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம்,
ஒரு நட்சத்திரம்கூட இல்லை.
யார் சுற்றியது?
நான். செவ்வாய் இரவு, பத்து மணிக்கு மேல்,
மூக்கு இரண்டும் அடைத்து, தலை பாறையாய்க் கனக்க.

அப்போது டெஸ்ஃபாயே உள்ளே வந்தான்.
என் மேசைக்கு நாலடி முன்பே நின்று
கண்ணைச் சுருக்கி, முகர்ந்து,
ஒன்றும் சொல்லாமல்
என் கோட்டுப் பையைக் காட்டினான்.

கோடாலித் தைலம்.
நெற்றியில், கழுத்தில், மார்பில் தேய்த்த விரலைத்
துடைத்தேன் என்றுதான் நினைவு.
கையுறை? மூன்றாவது தட்டுக்குப் பிறகு கழற்றியிருப்பேன்.
கட்டடம் முழுக்க அந்த வாசத்தை அறியாத ஒரே ஆள்
அதைச் சுமந்துகொண்டு நடந்த ஆள்.

மார்லிஸ் சிரித்து முடிக்க நேரமாயிற்று.
தூக்கி எறி என்றாள்.
எறிவதற்கு முன் அளந்தேன்.
சராசரி ஒன்று புள்ளி எட்டு.
நொச்சிக்குப் பக்கத்துக் குழியிலேயே இரண்டு புள்ளி நான்கு.
குறிப்பேட்டில் மாதிரியின் பெயர் எழுதும் கட்டத்தில்
என் பெயரை எழுதி, தேதி போட்டேன்.

வீட்டில் குணரூபன் இரவு வேலைக்குப் போயிருந்தான்.
சன்னலோரத் தொட்டியில்
இரண்டு முறை தூவியும் முளைக்காத கொத்தமல்லி.
அதன் அருகே, ஆறு வாரமாக,
திருகி மூடாத என் இன்னொரு புட்டி.

குளிர்ந்த கண்ணாடியாக இருக்கலாம்.
கடையில் வாங்கியது மசாலாவுக்கு வறுத்த மல்லியாக இருக்கலாம்.
ஒரு தொட்டியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது,
ஒப்பீட்டுக்கு இன்னொன்று வேண்டும்.
அதை நடப்பதற்கும் நானேதான் இருக்கிறேன்.

புட்டியை இறுக்கி மூடிக்
குளியலறை அலமாரியில் வைத்தேன்.
சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன்.
விரலை மூக்கருகே கொண்டுபோனேன்.

ஒன்றுமில்லை.
இன்னும் அடைப்புதான்.